மாப்பிள்ளை ஒட்டிய டைல்ஸ்

முதல் வரிசையை ஒட்டி முடித்துவிட்டு மாப்பிள்ளை நிமிர்ந்தார். மனைவி தலையை லேசாக வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

“என்ன?” என்றார்.

“ஒண்ணுமில்ல. கோணலா இருக்கோன்னு பார்த்தேன்.”

“ரசமட்டம் வெச்சு ஒட்டியிருக்கேன். பாரு, குமிழி நட்ட நடுவுல நிக்குது.”

“குமிழி நிக்குதுங்க. டைல்ஸ்தான் நிக்கல.”

உண்மைதான். சமையல் மேடைக்கும் டைல்ஸுக்கும் நடுவே, இடது கோடியில் காகிதம்கூட நுழையாது. வலது கோடியில், அடுப்புக்குப் பின்னால், இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது.

கல்யாணமாகிப் பதினோரு வருடமாகியும் அந்தக் குடும்பத்தில் அவருக்கு மாப்பிள்ளை என்பதுதான் பதவி. காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவர். பேனாவைவிடக் கனமான ஆயுதம் எதையும் ஏந்தியதில்லை. வீடு, கட்டட கான்ட்ராக்டரான மாமனார் மகளுக்காகக் கூடவே நின்று கட்டியது. “எங்க மாப்ளையை ஆணி அடிக்கச் சொன்னா ஆணி நிக்கும், சுவர் விழும்” என்று நாலு பேர் கூடிய இடத்திலெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எண்ணெய் தெறித்த சுவருக்கு டைல்ஸ் ஒட்ட ஆள் அனுப்புகிறேன் என்று அவர் போன் செய்தபோது, மனைவி சட்டென்று, “வேணாம்ப்பா, அவரே ஒட்டிடுவார்” என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக மாப்பிள்ளை மூன்று நாள் லீவு போட்டார். சனிக்கிழமை காலை மாமனார் பார்வையிட வருகிறார்.

ரசமட்டத்தின் மேல் சந்தேகம் வந்து கடைக்கு ஓடினார். கடைக்காரர் அதை வாங்கித் தன் மேசைமேல் வைத்தார். குமிழி தியானத்தில் அமர்ந்தது.

“மட்டம் சரியாத்தான் சார் இருக்கு. கை எப்படின்னு பாருங்க.”

வீட்டுக்கு வந்து, இடைவெளியை அடைக்க டைல்ஸை ஆப்பு ஆப்பாக வெட்டினார். ஏழு உடைந்து மூன்று தேறின.

“எப்படி இருக்கு?”

மனைவி யோசித்தாள். “புடவைக்குக் கீழ உள்பாவாடை எட்டிப் பார்க்கற மாதிரி இருக்கு.”

மறுநாள் மேலே போனார். வரிசை ஏற ஏற, மேலேயிருந்த மரத்தட்டின் வலது மூலை டைல்ஸின் தலையில் வந்து இடித்தது. தட்டைக் கழற்றி, ரசமட்டம் வைத்துத் திரும்ப மாட்டினார். நாலு ஓட்டை இருந்த சுவரில் இப்போது ஒன்பது. ஆனால் தட்டும் டைல்ஸும் அண்ணன் தம்பி போல ஒற்றுமையாக நின்றன.

“இப்ப ஜன்னல் சாஞ்சு தெரியுதே” என்றாள் மனைவி.

“ஜன்னலைப் பார்க்காதே.”

“சரி. அடுப்பு?”

அடுப்பின் கால்களுக்கு அட்டையை மடித்துக் கொடுத்தார். அடுப்பு நேரானது, மேடை கோணலாகிவிட்டது. எதை நேராக்கினாலும் பக்கத்தில் இருந்தது சாய்ந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் ஜன்னலையே முறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, மனைவி திருப்புளியை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

மாமனார் வந்தார். சமையலறை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றார்.

“என்ன மாப்ளே, டைல்ஸ் எங்கயோ ஊருக்குக் கிளம்புது?”

“ரசமட்டம் வெச்சுத்தான் மாமா...”

“நாப்பது வீடு கட்டினவன்கிட்ட ரசமட்டமா? மேடையைப் பாருங்க. ஜன்னலைப் பாருங்க. எல்லாம் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு பாந்தமா இருக்கு. அதுங்க நடுவுல நீங்க மட்டும் தனியா ஒரு வழி போறீங்க.” உளியை எடுத்து நீட்டினார். “பேத்துடுங்க. நாளைக்கு என் ஆள் வருவான்.”

மனைவி குறுக்கே வந்தாள். “இருக்கட்டும்ப்பா.”

“இதையா? எப்படிம்மா தினம் பார்த்துட்டு இருப்பே?”

“தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக்கறேன். என்ன இப்போ?”

மாமனார் சிரித்ததைக்கூட மாப்பிள்ளை தாங்கியிருப்பார். தனக்காக இவள் ஆயுசு முழுக்கக் கழுத்தைச் சாய்த்து நிற்பதைத் தாங்க முடியாது. உளியை வாங்கினார். முதல் டைலின் விளிம்பில் வைத்தார். சுத்தியலை ஓங்கினார்.

அழைப்பு மணி அடித்தது. மனைவி போய்க் கதவைத் திறந்தாள்.

“சிலிண்டர்ம்மா. கொஞ்சம் ஓரமா நில்லுங்க.”

கடகடவென்று சத்தம் கேட்டது. கூடத்தைக் கடந்து, சமையலறைக்குள் நுழைந்து, மாமனாரின் கால்களை உரசிக்கொண்டு சிலிண்டர் தன்பாட்டுக்கு உருண்டு போய் அடுப்புக்குக் கீழே சமர்த்தாக நின்றது. பின்னால் சிலிண்டர்காரர், ரசீதைக் கிழித்தபடி, வெறுங்கையோடு நிதானமாக வந்தார். ஓங்கிய சுத்தியலையும் சுவரையும் பார்த்தார்.

“டைல்ஸ் நேராத்தானே சார் இருக்கு, அதை எதுக்கு உடைக்கறீங்க?”

“இதுவா நேரா இருக்கு?” என்றார் மாமனார். “உனக்கென்னப்பா தெரியும்?”

“எனக்குக் கட்டட வேலையெல்லாம் தெரியாது பெரியவரே. ஆனா இந்த ஏரியாவுலயே, வாசல்ல படுக்க வெச்சா சிலிண்டர் தானா உருண்டு அடுப்படிக்குப் போற வீடு இது ஒண்ணுதான். கட்டின புண்ணியவான் யாரோ, நல்லா இருக்கணும்.”