குளிராத கும்பிடுபூச்சி

வெண்ணெய் டப்பாவைத் திறந்ததும் கும்பிடுபூச்சி லயனல் கார்ட்ரைட்டைப் பார்த்துக் கும்பிட்டது.

கும்பிட்டிருக்கக் கூடாது. ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்த பூச்சி விறைத்துப்போய், வைத்த இடத்தில் வைத்தபடி கிடக்க வேண்டும். இதுவோ தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, வாடகைக்கு வீடு பார்க்க வந்த மாதிரி டப்பாவைச் சுற்றிப் பார்த்தது.

"நொரீன்! பூச்சி முழிச்சிட்டிருக்கு!"

"பாலே திரிஞ்சு போச்சு. பூச்சி முழிக்காம என்ன பண்ணும்?" என்றாள் மனைவி நொரீன், டோஸ்டுக்கு ஜாம் தடவியபடி. "ஃப்ரிட்ஜ் குளிரலை, குளிரலைன்னு நாலஞ்சு நாளாக் கத்தறேன். ரிப்பேர்காரரை இன்னிக்குக் காலையில வரச் சொல்லியிருக்கேன்."

"இன்னிக்கா? இன்னிக்குத்தானே கெய்ன்ஸ்லேர்ந்து நடுவர் வர்றார்!"

"வரட்டுமே. ஒருத்தர் ஃப்ரிட்ஜைப் பாக்கட்டும், ஒருத்தர் உன்னைப் பாக்கட்டும்."

கெய்ன்ஸ் நகரத்துக்கு மேலே இருக்கும் அந்த மலைமேட்டு ஊர்களில், பூச்சி, பாறை, பாசி, பனித்துளி என்று மண்ணில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு படம் எடுப்பவர்களுக்கென்று ஒரு கழகம் இருந்தது. லயனல் அதன் தலைவர். அவர் வாங்கிய கோப்பைகள் கூடத்து அலமாரியில் இடம் போதாமல் கழிவறை ஜன்னல்வரை பரவியிருந்தன. ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு உரை உண்டு. "பொறுமை, நண்பர்களே! ஈரப் புல்லில், மூச்சை அடக்கி, விடியும்வரை படுத்திருந்தேன். அந்தச் சிற்றுயிர் என்னை நம்பிய பிறகுதான் விரலை அசைத்தேன்."

சிற்றுயிர் நம்பியது உண்மைதான். வெண்ணெய்க்கும் பீட்ரூட்டுக்கும் நடுவில் ஒரு ராத்திரி விறைத்துக் கிடந்தால் யாரும் யாரையும் நம்புவார்கள். அதன் முதுகில் மின்னிய பனித்துளி, நொரீன் துணிக்கு இஸ்திரி போடும்போது தெளிக்கும் பாட்டிலிலிருந்து வந்தது.

பிடித்துவைத்த, குளிரவைத்த, ஒட்டிவைத்த உயிர்களின் படங்கள் போட்டியில் ஏற்கப்படமாட்டா என்பது கழகத்தின் விதி. அதை எழுதியவரே லயனல்தான். இப்படியெல்லாம் செய்ய முடியும் என்று அவருக்குத்தானே தெரியும்.

இந்த வருஷம் கழக உறுப்பினர் தெல்மா பாக்ஸ்டர் புகார் கொடுத்துவிட்டாள். தெல்மா படம் எடுப்பது பாறைகளையும் அவற்றின் மேல் படரும் பாசியையும். பாறையை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டிய அவசியமில்லை; அவளுடைய நேர்மைக்கு அதுவே காரணம் என்பது லயனலின் கருத்து. மேலிடத்தில் ஒரு புது நடுவரை நியமித்தார்கள். அவர் நேரில் வந்து, லயனல் வேலை செய்யும் விதத்தைக் கண்ணால் பார்ப்பார். தேறினால் தலைவர் பதவி நீடிக்கும். தேறாவிட்டால் கோப்பைகளெல்லாம் திரும்பிப் போகும், நாற்காலி தெல்மாவுக்குப் போகும்.

"பியர் ஐஸ்பெட்டி எங்க?" என்றார் லயனல்.

"அதுல இறால் இருக்கு."

"இறாலை வெளிய எடு!"

இறால் வெளியே வந்தது. பூச்சி ஐஸுக்குள் போனது. பெட்டியை மறுபடி திறந்தபோது கும்பிடுபூச்சி குளிர்ந்திருந்தது. குளிர்ந்து குளிர்ந்து பல்குத்தும் குச்சி மாதிரி ஆகியிருந்தது. கொல்லைத் தோட்டத்து இஞ்சி இலைமேல் நிறுத்தினார். மல்லாந்து விழுந்தது. மறுபடி நிறுத்தினார். பக்கவாட்டில் விழுந்தது.

"செத்துப் போச்சா?" என்று எட்டிப் பார்த்தாள் நொரீன்.

"தூங்குது. தேன் எடுத்துட்டு வா."

"தூங்கறதுக்கு எதுக்குத் தேன்?"

"கால்ல தடவி ஒட்டறதுக்கு!"

"நீ எழுதின விதியில ஒட்டக்கூடாதுன்னு இருக்கே, லயனல்."

"பசைன்னுதான் அர்த்தம். தேன் இயற்கைப் பொருள்."

இயற்கைப் பொருளை இயற்கையும் கவனித்தது. பின்கால் நாலும் இலையில் ஒட்டி, பூச்சி கம்பீரமாக நின்ற மறு நிமிஷம் மாமரத்திலிருந்து பச்சை எறும்புகள் சாரி சாரியாக இறங்கி வந்தன. லயனல் ஊதினார். எறும்புகள் பூச்சியை விட்டுவிட்டு ஊதியவர் பக்கம் திரும்பின.

அந்த நேரத்தில்தான் பக்கவாட்டுக் கதவு கிரீச்சிட்டது.

வந்தவரைப் பார்த்ததுமே லயனலுக்குப் புரிந்துவிட்டது. கால்சட்டையின் முட்டி இரண்டும் தேய்ந்து வெளுத்திருந்தன. நெற்றியில் வாரால் கட்டிய சின்ன விளக்கு. தோளில் கனமான கறுப்புப் பை. சட்டைப் பையில், பொந்துக்குள் விட்டுப் பார்க்கும் நீளக் காம்புக் கண்ணாடி. வாழ்க்கை முழுக்க முட்டி போட்டவன் இன்னொரு முட்டி போட்டவனை அடையாளம் காண அறிமுகம் எதற்கு?

"வணக்கம் பாஸ், நான் வந்தது..."

"ஸ்ஸ்ஸ்!" லயனல் வாயில் விரல் வைத்தார். "எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். பையைக் கீழ வைங்க. அப்படியே என் பக்கத்துல படுங்க."

"படுக்கணுமா?"

"படுத்தாத்தானே பாக்க முடியும்?"

அந்த மனிதர் தோளைக் குலுக்கிவிட்டுப் படுத்தார். எந்தத் தயக்கமும் இல்லாமல் தரையில் படுத்த அழகிலேயே அவருடைய அனுபவம் தெரிந்தது.

"பாத்தீங்களா? சுதந்திரமான உயிர். நான் தொடல. விடியறதுக்கு முன்னாடியே வந்து படுத்தேன். அதுவா வந்துச்சு, அதுவா நின்னுச்சு."

"அசையவே இல்லையே பாஸ்."

"என்னை நம்புது."

வீட்டுக்குள்ளிருந்து நொரீனின் குரல் வந்தது. "லயனல்! ஃப்ரிட்ஜ் பாக்க ஆள் வந்தாச்சு! ரொம்ப மரியாதையான மனுஷன், ஷூவெல்லாம் வாசல்லயே கழட்டிட்டார்!"

"சரி, சரி! காட்டு!"

"பாஸ், அப்ப நான்..." என்று பக்கத்திலிருந்தவர் எழப் பார்த்தார்.

"அசையாதீங்க! இந்த மாதிரிக் கணம் திரும்பி வராது." லயனல் அவர் தோளை அழுத்திப் படுக்கவைத்தார்.

"உங்க காதுல எறும்பு போகுது பாஸ்."

"தெரியும். அதுக்குப் பேர்தான் பொறுமை." லயனலின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"லயனல்! 'காட்டின் காவலன்'னு நீ எழுதி ஒட்டின டப்பாவுல என்ன இருக்குன்னு கேக்கறார்!"

லயனலுக்கு வியர்த்தது. 'காட்டின் காவலன்' போன வருஷம் முதல் பரிசு வாங்கிய சிலந்திப் படத்தின் தலைப்பு.

"பீட்ரூட்," என்றார் பக்கத்தில் படுத்திருந்தவரிடம். "என் மனைவி பொரியலுக்கெல்லாம் பேர் வைப்பா."

"நல்ல பழக்கம்."

"லயனல்! ஒவ்வொரு டப்பாவாத் திறந்து படம் புடிக்கறார்!"

நடுவர் பக்கத்தில் படுத்திருக்க இவள் இப்படி ஊருக்கே தண்டோரா போட்டால் எப்படி? லயனல் படுத்தவாக்கிலேயே கத்தினார்: "புடிச்சுக்கட்டும்! என்ன கேட்டாலும் அங்கயே சொல்லு! எல்லாத்தையும் காட்டு, எதையும் மறைக்காதே! இங்க மட்டும் கத்தாதே!"

"சரிப்பா. டீயும் கேக்கும் கொடுத்து உக்காரவெச்சுச் சொல்றேன்!"

அப்பாடா, கத்தல் நின்றது. அதற்குள் வெயில் இஞ்சி இலைமேல் ஏறிவிட்டது. கும்பிடுபூச்சியின் ஒரு கால் துடித்தது. பிறகு உணர்கொம்பு. பிறகு தலை மெதுவாகத் திரும்பி, இத்தனைக்கும் பொறுப்பாளி யார் என்று தேடியது. ஒவ்வொரு காலாகத் தேனிலிருந்து பிடுங்கிக்கொண்டு, காலில் தொங்கிய எறும்பு ஒன்றை லட்டு மாதிரி எடுத்துக் கடித்தது. கடித்தபடியே லயனலின் கேமரா லென்ஸை நேருக்கு நேர் பார்த்தது.

லயனல் பொத்தானை அழுத்தினார். அவர் வாழ்க்கையில் முதல்முதலாக, உயிர்ப்போடு விழித்திருந்த, கோபமாக இருந்த ஒரு பூச்சியைப் படம் எடுத்துவிட்டார். கேமராவின் திரையில் அதை அவரே இரண்டு முறை பார்த்தார். அழகென்றால் அப்படி ஓர் அழகு.

"அட்டகாசம் பாஸ்!" என்றார் அந்த மனிதர். மனதாரத்தான் சொன்னார்.

லயனல் எழுந்தார். வீங்கிய காது ஒன்று, வீங்காத காது ஒன்று. ஆனால் நெஞ்சு இரண்டு பக்கமும் சமமாக வீங்கியிருந்தது.

"பாத்தீங்கள்ல? குளிரவெச்சதா இது? ஒட்டினதா? நம்மகூடவே இருந்துக்கிட்டு நம்மமேலயே புகார் கொடுக்கறாங்க! உங்க கண்ணால பாத்ததை அப்படியே போய்ச் சொல்லுங்க, அது போதும். இன்னும் சந்தேகம் இருந்தா இங்கயே, இப்பவே கேளுங்க. நான் ஒளிவு மறைவு இல்லாதவன்."

அந்த மனிதர் முட்டியிலிருந்த மண்ணைத் தட்டினார். நெற்றி விளக்கை அணைத்தார். கறுப்புப் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு சமையலறை ஜன்னலை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"ஒரே ஒரு சந்தேகம்தான் பாஸ். இந்த ஊர்ல ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றவன் நான் ஒருத்தன்தான். உள்ள கேக் சாப்பிட்டுக்கிட்டு, உங்க ஃப்ரிட்ஜைப் படம் புடிக்கறாரே, அவர் யாரு?"