'வித்' என்ற சொல்லால் வீட்டுக்கு வந்த வினை

சிலாவத்தை,
முல்லைத்தீவு.

மதிப்புக்குரிய மச்சான் சவிரிமுத்து அவர்களுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் சுகத்தையும், மூன்று நாளாக வவுனியா நெளுக்குளத்தில் உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவி புனிதமலரின் கோபம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதையும் அறிய ஆவலாயிருக்கிறேன். போன் எடுக்கலாம்தான். ஆனால் அவாவின் போன் இங்கே அலுமாரிக்கு மேல் கிடக்கிறது. உங்களுக்கு எடுத்தால் பக்கத்தில் நின்று கேட்பா. ஆகவே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். லண்டனில் இருக்கும் எங்கள் மகள் பிரேமினி, பேரனின் ஞானஸ்நானத்துக்கு இருவரும் வரவேண்டும் என்று விசாப் படிவம் அனுப்பியிருந்தாள். அதில் யாரோடு பயணம் செய்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. கேள்வியின் வாலில் 'வித்' என்று ஒரு சின்ன ஆங்கிலச் சொல். முப்பது வருடம் மீனவர் சங்கத்தில் இலிகிதராக இருந்த நான் அரைகுறை விளக்கத்தோடு படிவம் நிரப்பலாமா? நூலகத்தில் தலையணை மொத்தத்தில் ஓர் அகராதி எடுத்து வந்தேன். ஒருவரோடு கூடப் போவதற்கும் வித், கத்தியால் மீன் வெட்டுவதற்கும் வித், குளிரால் நடுங்குவதற்கும் வித் என்று ஒரு பக்கம் முழுக்கக் கிடந்தது. அதோடு விட்டிருக்கலாம். கீழே சொல்லின் பிறப்பும் போட்டிருந்தது. ஆதியில் வித் என்றால் 'எதிராக' என்றுதான் அர்த்தமாம். கூட என்பதற்கு அப்போது 'மிட்' என்று வேறொரு சொல் இருந்ததாம்; காலப்போக்கில் வித் வந்து அதன் கதிரையில் ஏறிக் குந்திவிட்டதாம். எதிரி உறவாகிவிட்டான், மச்சான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரவுச் சாப்பாட்டில் அவாவிடம் சொன்னேன்.

"இஞ்சை பார், இந்தக் கேள்வி ஆதியிலை, ஆருக்கு எதிராய்ப் பயணம் போறீர் எண்டுதான் அர்த்தம்."

"அப்ப என்ரை பேரையே எழுதுங்கோ," என்றா.

"அதென்ன அப்பிடியொரு சொல்? கூடவும் அதுதான், எதிரும் அதுதானோ?" என்றும் கேட்டா.

"தமிழிலையும் அப்பிடித்தானே. போன கிழமை வேலிக்கதியாலைத் தள்ளி நட்டதுக்குப் பக்கத்து வளவுப் பிரதீபனோடை சண்டை பிடிச்சனான். சேர்ந்தோ பிடிச்சனாங்கள்?"

சிரித்தா. அந்தச் சிரிப்போடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். "முப்பத்திநாலு வருசமாய் எங்கடை வீட்டிலை பழைய அர்த்தம்தான் ஓடுது," என்றேன். அவா அகப்பையைச் சட்டியில் வைத்துவிட்டு எழும்பிப் போனா.

மறுநாள் காலை நான் அடுத்த சொல்லைப் பார்த்துக்கொண்டிருக்க, பையோடு முன்னால் வந்து நின்று ஏதோ சொன்னா. ஓம் ஓம் என்றேன். தலை நிமிர்ந்தபோது வாசல் படலை சாத்தியிருந்தது. வவுனியா பஸ்ஸில் ஏறியதைப் பிரதீபன்தான் சொன்னான், அதுவும் சந்தோசமாக. மச்சான், மூன்று நாளாகச் சோறு ஒன்றில் கஞ்சி, ஒன்றில் கரி. வீட்டில் ஒரு சத்தமில்லை. அகராதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் சொன்னது பகிடிக்கு, பகிடியும் பிழை என்று நீங்கள் அவாவிடம் எடுத்துச் சொல்லவேண்டும். அவா இல்லாமல் அந்தப் படிவத்தில் நான் ஒரு எழுத்தும் எழுதமாட்டேன்.

உங்கள் குடும்பத்தார் எல்லாரையும் மாதா காப்பாற்றட்டும். அவசரம் கருதி முதலில் என்னை.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்
மரியநேசன்

பி.கு: அண்ணை, இது புனிதம் எழுதுறன். எங்கடை வீட்டுக்குப் பத்திரமாய் வந்து சேர்ந்திட்டன். வவுனியாக் கந்தோரிலை பாஸ்போட் எடுக்கத்தான் உங்களிட்டை வந்தனான் எண்டு உங்களுக்குத் தெரியும். இவருக்கும் ரண்டுதரம் சொல்லிப்போட்டுத்தான் வெளிக்கிட்டனான். இப்ப வாசலிலை வைச்சே மன்னிப்புக் கேட்டார். குசினி கூட்டிக் கிடக்கு, மீன் வெட்டிக் கிடக்கு, கலியாணம் கட்டி முதல்தரம் தேத்தண்ணி போட்டுத் தந்தார். கடிதத்தைக் கிழிக்கச் சொன்னவர். நான் தபாலிலை போடுறன். இவர் போன் எடுத்தால், அங்கை நான் கோவத்திலை ஒரு வாய் சோறும் சாப்பிடேல்லை எண்டு சொல்லுங்கோ.