இடைவேளையில் எழுந்து போகாதது பற்றிச் சம்பந்திக்கு

பிரம்மதேசம்,
ஆனி அமாவாசை.

விழுப்புரத்தில் உரக்கடை வைத்திருப்பவரும் என் சம்பந்தியுமான திரு. மாரியப்பன் அவர்களுக்கு, பெண்ணைக் கொடுத்த கண்ணையன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் கெங்கம்மாளும் கறவை மாடும் சுகம். அங்கு எல்லோரும் சுகம் என்று மகள் கலைப்பிரியா சொல்லித் தெரியும். உங்கள் வாயால் கேட்கலாம் என்று பலமுறை போன் செய்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்துவிட்டது. ஆகவே, விழுப்புரத்துக்கு வேலைக்குப் போய்வரும் என் அக்கா மகன் ரஞ்சித் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நிற்க. மறுவீட்டு விருந்துக்கு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, இலை எடுத்த பிறகு, வெற்றிலைத் தட்டின் முன்னிலையில், இரு குடும்பத்தாரும் திண்டிவனம் சென்று மேட்னி காட்சி பார்ப்பது என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவன் நான். நீங்கள் அப்போது பல் குத்திக்கொண்டிருந்தீர்கள். அதை நான் வழிமொழிந்ததாக எடுத்துக்கொண்டேன். புதுமணத் தம்பதிகளைச் சினிமாவுக்கு அனுப்பிவைப்பது நம் பக்கத்து வழக்கம். பெரியவர்களும் கூடப் போவது வழக்கமில்லை. அது என் சொந்தச் சேர்க்கை. இரண்டு குடும்பமும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே திசையைப் பார்த்தால் உறவு பலப்படும் என்று எனக்குத் தோன்றியது.

படத்தை நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். சுவரொட்டியில் வாழைமரம் கட்டியிருந்தது, மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி நின்றது, படத்தின் பெயரில் இல்லறம் என்ற சொல் இருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் காலமெல்லாம் செயலாளராக இருந்தவன், எதையும் மூலைவரை படிக்காமல் கையெழுத்துப் போடாதவன் நான். ஆனால் அந்தச் சுவரொட்டியின் மூலையில் ஒரு கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தார்கள். இறந்தவர் எனக்குத் தெரிந்தவர். அவர் எப்போது போனார், காரியம் என்றைக்கு என்று அதைத்தான் கவனமாகப் படித்தேன். அதற்கு அடியில் வட்டம் போட்டு ஒரு எழுத்து இருந்ததும், அது வயது வந்தவர்களுக்கு மட்டுமான எழுத்து என்பதும் பிறகு மாப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது. நம்மில் யாரும் வயது வராதவர்கள் இல்லை என்பதால் டிக்கெட் கொடுத்தவனும் ஒன்றும் கேட்கவில்லை.

படத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் பக்கத்திலேயே இருந்தீர்கள். கல்யாணமான நாலு ஆண்கள், வீட்டில் இருப்புக் கொள்ளாமல், ஆபீஸ் மீட்டிங் என்று பொய் சொல்லிவிட்டுப் பாண்டிச்சேரிக்குப் போகிறார்கள். பெண்டாட்டிகளை மறக்கப் போனவர்கள் போன இடத்தில் பெண்டாட்டிகளைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. அந்தப் பெண்களுக்கோ படம் முழுக்கச் சந்தேகப்படுவதைத் தவிர வேறு வேலை இல்லை. நம் பக்கத்தில் களையெடுப்பு நேரத்தில் யாருக்குச் சந்தேகப்பட ஓய்வு இருக்கிறது? கட்டில் என்ற பொருளை மரத்தால் செய்வார்கள் என்பதைத் தவிர அதைப் பற்றி மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். முதல் பத்து நிமிடத்திலேயே எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் மரியாதைக்காக உங்களை வழியோரத்து நாற்காலியில் உட்காரவைத்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் எழுந்திருக்காமல் பெண் வீட்டார் எழுந்தால், அதுவும் சம்பந்தியின் முழங்காலைத் தாண்டிக்கொண்டு போனால், அது என்ன மரியாதை? எனவே நீங்கள் எழுவீர்கள் என்று நான் காத்திருந்தேன். கூட்டிக்கொண்டு வந்தவன் உட்கார்ந்திருக்கும்போது நாம் எழுந்தால் அவனை அவமதித்ததாகும் என்று நீங்கள் காத்திருந்ததைப் பிற்பாடு மாப்பிள்ளை சொன்னார். நீங்கள் வெளியே போகும் வழியின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நமக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையும் கலைப்பிரியாவும், அதற்கும் அந்தப் பக்கம் சம்பந்தி அம்மாவும் கெங்கம்மாளும் என்ன பார்த்தார்கள் என்று திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

இடைவேளை வந்தது. கடவுளாகப் பார்த்துக் கொடுத்த வாய்ப்பு. அதைக் கெடுத்தவன் நானே. விருந்துக்கு வந்தவர்களை வெறும் வாயோடு நிறுத்திவைக்கக் கூடாது என்று ஓடிப்போய் ஆளுக்கொரு முட்டை பப்ஸ் வாங்கிவந்தேன். பெண் வீட்டில் நீட்டியதை மறுக்கக் கூடாது என்று நீங்களும் வாங்கிக்கொண்டீர்கள். அது நல்ல சூடு. அதை ஊதி ஊதித் தின்று முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள். அந்த நேரத்தில் நாம் பேசிக்கொண்டது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“படம் எப்டிங்க போவுது?” என்றீர்கள்.

“போய்க்கினு இருக்குதுங்க” என்றேன்.

அதன்பிறகு இன்றுவரை நாம் பேசவில்லை.

இரண்டாம் பாதியில்தான் அந்த இடம் வந்தது. கதாநாயகனின் மாமனாரும், ஆசை யாரை விட்டது, அந்த நாலு பேரும் தங்கியிருக்கும் அதே லாட்ஜுக்கு வந்து சேருகிறார். மருமகன் வருவது கண்டு மாமனார் கட்டிலுக்கு அடியில் ஒளிகிறார். அங்கே ஏற்கெனவே அவருடைய சம்பந்தி ஒளிந்திருக்கிறார். இருவரும் இருட்டில் கைகூப்பிக் குடும்பத்தில் சுகமா என்று விசாரித்துக்கொள்கிறார்கள். சரியாக அந்த நேரத்தில் நம் வரிசையின் பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் எழுந்தது. எழுந்தது மட்டுமில்லை, ரொம்ப நேரம் அடங்கவுமில்லை. படத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தம்மா சிரிச்சாங்க பாரு அதத்தான் தாங்க முடியல என்று நீங்கள் கடையில் நாலு பேர் எதிரில் சொன்னதாக எனக்குத் தகவல் வந்தது. அந்தம்மா என்று நீங்கள் சொன்னது என் மனைவியை. எனக்கு ராத்திரி தூக்கமில்லை. நேரடியாகவே கேட்டுவிட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்: “நானா சிரிச்சேன்? நான் படம் பூரா முந்தானைய வாயில வச்சிக்கினு இருந்தேன். அத எடுத்தாத்தான சிரிக்க முடியும்?” இது மறுக்க முடியாத வாதம் என்று எனக்குப் படுகிறது. அதே சமயம், சிரித்தது சம்பந்தி அம்மா என்று நான் சொல்லவே மாட்டேன். அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும், அந்த மாதிரிப் படத்தில் ஒரு வசனமும் புரியாத உத்தமி. பின்வரிசையில் யாரோ காவாலிகள் சிரித்தது முன்னே கேட்டிருக்கும். கட்டிடம் பழசு, சத்தம் எதிரொலிக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆடி பிறக்கப் போகிறது. தலை ஆடிக்கு மகளை அழைத்துவருவது எங்கள் கடமை, அனுப்பிவைப்பது உங்கள் பெருந்தன்மை. தட்டு, துணிமணி, பழம் எல்லாம் தயார். நீங்கள் போனை எடுக்காமல் நான் எந்த முகத்தோடு உங்கள் வாசலில் வந்து நிற்பது? கல்யாணத்தன்று கெங்கம்மாள் அழவில்லை என்று உறவில் சிலர் ஒரு மாதிரியாகப் பேசினார்கள். ஆடிக்கு வந்துடுவா என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நின்றதை நான் ஒருத்தன்தான் கேட்டேன். அந்த வார்த்தை பொய்த்தால் அவள் அன்றைக்கு அழாததையும் சேர்த்து அழுவாள். இந்த மனத்தாங்கல் தீரவேண்டும் என்றுதான் இன்று விடிகாலையிலேயே மேல்மலையனூருக்குப் புறப்பட்டுப் போயிருக்கிறாள், அங்காளம்மனுக்கு எலுமிச்சை மாலை சாத்த. சம்பந்தி அம்மாவும் மருமகளை அழைத்துக்கொண்டு அங்கேதான் போயிருப்பதாகக் கேள்வி. அந்தக் கூட்டத்தில் இரண்டு பேரும் எதிர்ப்பட்டு, பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கலைப்பிரியா நடுவில் நின்று என்ன செய்வாள் என்று நினைத்து எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. படத்தைத் தேர்ந்தெடுத்தது என் தப்பு. பப்ஸ் வாங்கியது அதைவிடப் பெரிய தப்பு. தண்டனையை எனக்குக் கொடுங்கள், பெண்ணை அனுப்பிவையுங்கள்.

மாப்பிள்ளை தேவாவுக்கு எங்கள் ஆசிகள். சம்பந்தி அம்மாவின் பொறுமைக்கு என் கும்பிடு. உங்கள் கடை செழித்து, பருவமழையும் தவறாமல் பெய்து, யூரியா தட்டுப்பாடில்லாமல் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

கண்ணையன்.

பி.கு.: உறையை ஒட்டும்போது கலைப்பிரியா போன் செய்தாள். பின்னால் ஒரே விசில். மலையனூரில் ஏதம்மா விசில் என்று கேட்டேன். மலையனூர் போகவில்லையாம். அவளும் சம்பந்தி அம்மாவும் கெங்கம்மாளும் திண்டிவனத்தில் அதே படத்துக்கு வந்திருக்கிறார்களாம். அன்றைக்கு நாம் இரண்டு பேரும் கூட இருந்ததால் வசனம் எதையும் நிம்மதியாகக் கேட்க முடியவில்லையாம். செல்போனில் டிக்கெட் போட்டுக் கொடுத்தது மாப்பிள்ளை. சரி, அன்றைக்குச் சிரித்தது யார் என்று அதையாவது சொல் என்றேன். “மூணு பேருந்தாம்பா” என்றாள். “படத்த பாத்து இல்ல. நீங்களும் மாமாவும் நாற்காலிய புட்ச்சிக்கினு உக்காந்திருந்தீங்களே, அதப் பாத்து.” இடைவேளை முடிந்துவிட்டது என்று வைத்துவிட்டாள். படம் விட்டதும் மூன்று பேரும் நேராக பிரம்மதேசம் வருகிறார்கள். கலைப்பிரியா பெட்டியோடு வந்திருக்கிறாள். சம்பந்தி அம்மாவும் ஆடி பிறக்கும்வரை இங்கேதான் இருக்கப்போகிறார்களாம். உங்கள் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறார்கள்.