இரண்டு வீட்டுக்கும் 'போத்' சொன்னவர்

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நம்மைப் போலவே சோறு தின்னும், கோயிலுக்குப் போகும், பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வரிசையில் நின்று கால் மாற்றும். ஆனால் இரண்டு பொருளைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். அதுவரை தமிழில் பொரிந்து தள்ளிய வாய் சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவிவிடும்.

"தேத்தண்ணியோ, கோப்பியோ?"

"ஈதர்."

"கடற்கரைக்குப் போவமோ, வீட்டிலை நிப்பமோ?"

"ஈதர்."

ஏன் ஆங்கிலம்? தமிழில் சொன்னால் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயமா?

இத்தாலியின் பலேர்மோ நகரில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி பேரின்பநாயகம். ஒரேத்தோப் பகுதியில் குடியிருக்கிறார், சின்யோரா என்று அவர் அழைக்கும் வயதான இத்தாலிய எசமாட்டி ஒருத்தியின் வீட்டில் சமையல், துப்புரவு, கார் ஓட்டுவது எல்லாம் அவர்தான். ஒருகாலத்தில் லண்டனுக்குப் போய்விடலாம் என்று போனில் ஆங்கிலம் படிக்கத் தொடங்கினார். லண்டன் சரிவரவில்லை. பாடமும் போத், ஈதர், நைதர் என்ற இடத்தில் நின்றுபோனது. போத் என்றால் இரண்டும். ஈதர் என்றால் இரண்டில் எதுவானாலும். நைதர் என்றால் இரண்டுமில்லை. ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் என்ன மொழி வேண்டும்? 'ஈதர்' சரியா, 'ஐதர்' சரியா என்று ஒருவர் கேட்டதற்கு, கொஞ்சமும் யோசிக்காமல் 'போத்' என்றார்.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்கிறீர்களா? கேளுங்கள்.

சின்யோராவிடம் பழைய வெள்ளைக் கார் ஒன்று உண்டு. நீளமானது, பளபளப்பானது, பூ வைத்தால் தேர் மாதிரி இருக்கும். நல்ல காரியங்களுக்கு அதைக் கொண்டுபோக அவள் மறுப்பதில்லை. கபோ சந்தைக்குள் குடியிருக்கும் மன்னார் கிறிகோரி ஒருநாள் வந்தார். மகள் எமிலியானாவுக்குக் கலியாணம். பொம்பிளையைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோக அந்தக் கார் வேண்டும். பேரின்பநாயகம் மனம் குளிர்ந்து சம்மதித்தார். அடுத்த கிழமை, பக்கத்துத் தெருச் சந்திரமதி வந்தாள். மகள் நிரோசினி பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கு, சியாகுல்லிப் பக்கத்து மண்டபத்தில். பிள்ளையை அந்தக் காரில்தான் இறக்க வேண்டும். அதே சனிக்கிழமை. அதே காலை.

"அண்டைக்குத்தானே கிறிகோரி அண்ணையின்ரை மகளுக்கும் கலியாணம்? கார் எங்களுக்கோ, அவையளுக்கோ?" என்று சந்திரமதி வெளிப்படையாகவே கேட்டாள்.

"போத்!" என்றார் பேரின்பநாயகம், இரண்டு கைகளையும் விரித்து, தானம் கொடுப்பவர் மாதிரி.

அவள் போன பிறகு மனைவி அம்பிகை பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். "இஞ்சை பாருங்கோ, ஒரு காரை ரெண்டாப் பிளக்கப் போறியளோ? யாருக்கு முதல்?"

"ஈதர்."

"அந்த ஈதர் உங்களைக் கொண்டுபோய் எங்கையோ விடப்போகுது."

சனிக்கிழமை காலை, முகப்பில் பூமாலையும் பின்கண்ணாடியில் றிப்பனுமாகக் கார் கபோ சந்தை வாசலில் போய் நின்றது. அதற்கு மேல் உள்ளே போக வழியில்லை. கத்தரிக்காய்த் தட்டுகள், கணவாய்ப் பெட்டிகள், அவற்றைக் கூவி விற்கிறவர்கள். எமிலியானாவுக்கு அலங்காரம் முடியவில்லை. பேரின்பநாயகம் காத்திருந்தார். அப்போது போன் அடித்தது.

"அண்ணை, ஐயர் மண்டபத்திலை காத்துக்கொண்டு நிக்கிறார், நல்லநேரம் முடியப்போகுது!" சந்திரமதி.

"இந்தா வாறன்!"

ஒருவரிடமும் சொல்லாமல் காரைத் திருப்பினார். நிரோசினியை இறக்கிவிட்டு ஓடிவந்துவிடலாம் என்பது கணக்கு. பாதி வழியில் மறுபடி போன்.

"அண்ணை, பிள்ளை வாசலிலை நிக்குது. காரைக் காணேல்லை?" கிறிகோரி.

"இந்தா வந்திட்டன்!"

திருப்பினார். சந்திரமதி எடுத்தாள், திருப்பினார். கிறிகோரி எடுத்தார், திருப்பினார். கடைசியாகக் கூப்பிட்டவர் எவரோ அவர் பக்கமே நியாயம் இருப்பதாக அவருக்குத் தோன்றியது. முடிவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், முன்னால் ஒரு பேருந்தும் பின்னால் ஒரு குப்பை லொறியுமாகக் கார் இறுகிப்போய் நின்றது. போக்குவரத்துப் பொலிஸ்காரன் ஒருவன் பூமாலையைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி ஜன்னலில் தட்டினான். "வாழ்த்துகள்! மணமகள் எங்கே?"

பேரின்பநாயகத்திடம் இருந்த போத், ஈதர், நைதர் மூன்றில் ஒன்றும் அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

மணமகள் எங்கே? சந்தை வாசலில், வெள்ளை உடுப்பைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, மீன் தண்ணீரில் மிதிக்காமல் நின்று அழுதுகொண்டிருந்தாள். பழக்காரன் ஒருவனுக்குப் பொறுக்கவில்லை. தன் மூன்றுசக்கர வண்டியிலிருந்த தோடம்பழப் பெட்டிகளை இறக்கி, மேசைவிரிப்பு ஒன்றை விரித்து, அவளை ஏற்றிக்கொண்டு ஹோர்ன் அடித்தபடியே தேவாலயத்துக்குப் போனான். நிரோசினி, பட்டுச்சேலையும் நெற்றிச்சுட்டியுமாக, தட்டு ஏந்திய மாமிமாரோடு பேருந்தில் போனாள். பேருந்திலிருந்த இத்தாலியக் கிழவிகள் சேலையைத் தடவிப் பார்த்து, அழகு என்று வியந்து 'பெல்லா, பெல்லா' என்றார்கள். நல்லநேரம் போய்விட்டது. இரண்டு இடத்திலும் காரியம் நடந்தது. பேரின்பநாயகம் இரண்டு இடத்திலும் இல்லை.

மறுநாள் ஒரு கேக் பெட்டியோடு கிறிகோரி வீட்டுப் படியேறினார்.

"அண்ணை, ஏலாது எண்டு சொல்லியிருந்தா நான் ஒரு டாக்ஸி பிடிச்சிருப்பன்," என்றார் கிறிகோரி. குரல் உயரவில்லை, அதுதான் சுட்டது.

"சொன்னா உங்கட முகம் வாடிப்போடுமெண்டு…"

"என்ரை முகம் வாடினா பின்னேரம் சரியாப்போயிருக்கும். என்ரை பிள்ளை அந்தச் சந்தைக்கை நிண்டு அழுதது எப்ப எனக்கு மறக்கும்?"

சந்திரமதி கதவே திறக்கவில்லை. வீட்டில் அம்பிகை, "ரெண்டு வீட்டுக்கும் நல்லவராயிருக்க நினைச்சியள். இப்ப ரெண்டு வீட்டிலையும் முகம் குடுக்க ஏலாமல் நிக்கிறது நான்," என்றாள். அவள் அழுதுகொண்டிருப்பதை அவர் அப்போதுதான் கவனித்தார்.

சில மாதம் கழித்து நகுலேஸ்வரன் என்பவர், மகன் பிறந்தநாளுக்குக் கார் கேட்டார். அன்று சின்யோராவை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். பேரின்பநாயகத்தின் வாய் பழைய பக்கம் இழுத்தது. கதிரையைப் பிடித்துக்கொண்டு, "ஏலாது தம்பி," என்றார்.

"சரி அண்ணை," என்றார் நகுலேஸ்வரன். போய்விட்டார்.

வானம் இடியவில்லை. யாருடைய முகமும் வாடவில்லை. இவ்வளவுதானா என்று பேரின்பநாயகத்துக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இன்னும் இரண்டு தரமாவது கெஞ்சியிருக்கலாமே!

ஆக, ஒரு ஆள் திருந்திவிட்டார். இனம் அழிந்துவிடவில்லை. சிரித்தது போதும், எழுந்துபோய் உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவைக் கொஞ்சம் பாருங்கள். காந்தத்தில் இரண்டு அழைப்பிதழ்கள் தொங்குகின்றன. திகதி ஒன்றுதான். இரண்டு வீட்டுக்காரரும் போன் எடுத்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்?

அதுசரி, எந்த மொழியில்?