எண்பது வாங்கியவனுக்கு லோ பாஸா?

இராஜபாளையம்,
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மருமகன் மெல்வினுக்கு, மாமா ஜெபதுரை எழுதுவது. நானும் உன் அத்தை ஏசம்மாளும் தேவகிருபையால் சுகம். உன் சுகத்துக்காகவும், மஸ்கட் வெயில் கொஞ்சம் தணியவும் தினமும் ஜெபிக்கிறோம். சபையில் எல்லாரும் உன்னை விசாரித்தார்கள். வாசல் மாமரம் பூத்திருக்கிறது. உன் கார் மட்டும் சுகமில்லை.

இதைப் போனிலேயே சொல்லலாம். ஆனால் போனில் சொன்னால் பாதியிலேயே நீ "பரவால்ல மாமா" என்பாய், நானும் அதோடு நிறுத்திவிடுவேன். மீதிப் பாதிதான் பெரிய பாதி. ஆகவே முழுவதையும் தாளில் எழுதி, போட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிறேன். பொறுமையாகப் படி.

நீ காரை என்னிடம் விட்டுப் போகும்போது இரண்டு விஷயம் சொன்னாய். வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் ஓடவிட வேண்டும். சவுண்டு செட்டைத் தொடக் கூடாது. நான் ஏழு மாதம் தொடவில்லை. இதைத் தயவுசெய்து கணக்கில் எடுத்துக்கொள். போன சனிக்கிழமை, மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் வைகுண்டராஜ் உன் கார் செட்டைக் கேட்டுப் பார்க்க வருகிறார் என்பதால், டிக்கியைத் துடைத்துவைப்போம் என்று திறந்தேன். மம்சாபுரம் ரோட்டில் சும்மா கிடக்கும் தம் கடையை, கார் செட் கடை வைக்க உனக்குத் தருவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யப்போவது இந்தக் காரின் பாட்டைக் கேட்டுத்தான், அந்தக் கடையை நம்பித்தான் நீ மஸ்கட் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாய் என்பதெல்லாம் என் மனதில் இருந்தது. இருந்ததால்தான் வினை.

டிக்கியில் ஆம்ப்ளிபயர் என்ற அந்த இரும்புப் பெட்டியில் இரண்டு வரிசைத் திருகிகள். ஒரு வரிசை கதவு ஸ்பீக்கர்களுக்கு, இன்னொன்று டிக்கியில் இருக்கும் பெரிய வூஃபருக்கு. உன் கையெழுத்தில் ஒட்டியிருந்தாய், நன்றாகப் புரிந்தது. கதவு வரிசையில் எண்பது என்று வைத்து, பக்கத்தில் 'ஹை பாஸ்'. வூஃபர் வரிசையிலும் அதே எண்பது. ஆனால் 'லோ பாஸ்'. முப்பத்திரண்டு வருஷம் விடைத்தாள் திருத்தியவனுக்கு இதைப் பார்த்தால் எப்படி இருக்கும், நீயே சொல். ஒரே மார்க் வாங்கிய இரண்டு பிள்ளைகளில் ஒருவனுக்கு ஹை, ஒருவனுக்கு லோ! எண்பது வாங்கியவனுக்கு லோ பாஸா? எங்கோ கூட்டல் பிழை என்று முடிவு செய்தேன். எண்பதுக்குப் பக்கத்தில் ஹெச் போட்டு ஏதோ பொடி எழுத்து இருந்தது. கண்ணாடி இல்லாததால் அது ஹெச்.எம். சுருக்கொப்பம் போலவே தெரிந்தது.

அதோடு விட்டேனா? வரிசைக்கு ஒன்றாக 'கெய்ன்' என்று ஒரு திருகி. கெய்ன் என்றால் ஆதாயம். ஆதாயத்தைக் குறைவாக வைப்பானேன்? எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று பார்க்க வீட்டுக்குள் போய்ப் பாகைமானி எடுத்துவந்து அளந்தேன். திருகி மொத்தம் திரும்புவது இருநூற்றெழுபது பாகை. நீ வைத்திருந்தது தொண்ணூற்றைந்து. வகுத்து, நூற்றுக்கு எவ்வளவு என்று பார்த்தேன். தசமத்தை விட்டால் சரியாக முப்பத்தைந்து.

மெல்வின், அந்த இடத்தில் பாகைமானியை மறுபடி வைத்து இன்னொரு முறை அளந்தேன். பத்தாம் வகுப்பு அரையாண்டில் உனக்குக் கணக்கில் நான் போட்டது முப்பத்தைந்து. வகுப்பில் எழுப்பி நிறுத்தி, "இந்தா, நம்ம பார்டர் பாஸ்" என்று தாளை நீட்டினேன். அந்தப் பெயர் உன்னோடு பாலிடெக்னிக் வரை வந்தது. நீ உண்மையில் வாங்கியது நாற்பத்தொன்று. மாமன் மருமகனுக்கு மார்க்கை அள்ளிப் போட்டான் என்று ஆசிரியர் அறையில் பேச்சு வரக்கூடாது என்பதற்காக, வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுதவில்லை என்று ஒரு காரணம் கண்டுபிடித்து ஆறு மார்க்கை வெட்டினேன். அளவுத்திட்டம் எழுதியிருந்தாய். சின்னதாக, ஓரத்தில். இதை இதுவரை உன் அத்தையிடம்கூடச் சொன்னதில்லை.

ஆகவே பதினெட்டு வருஷம் கழித்து ஒரு மறுகூட்டல் செய்தேன். உன் அத்தையின் தையல் மிஷின் ஸ்க்ரூடிரைவரால் வூஃபரை லோ பாஸிலிருந்து ஹை பாஸுக்கு உயர்த்தினேன். கதவு ஸ்பீக்கர் ஏற்கெனவே ஹை பாஸ். ஆனால் 'ஃபுல்' என்று இன்னொன்று இருந்தது. ஃபுல் இருக்கும்போது ஹையில் ஏன் நிற்க வேண்டும் என்று அதையும் தள்ளினேன். கெய்ன் இரண்டையும் சென்டம் ஆக்கினேன். போட்டுக் கேட்டுப் பார்க்கவில்லை. மனம் அவ்வளவு நிறைந்திருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தால் வைகுண்டராஜ் வாசலில் நிற்கிறார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்சீட்டில் சம்மணமே போட்டுவிட்டார். மகள் கல்யாணத்து மேளக்கச்சேரியைப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். "சார்வாள், இந்தத் தவுல எந்தக் கார்லயும் நான் முழுசாக் கேட்டதில்ல. ஒங்க மருமவன் வண்டியில கேக்கணும்னுதான் சாப்புடாம வாரேன்" என்றார். நான் பெருமையாகச் செட்டைப் போட்டு, சத்தத்தைப் பாதிக்கு வைத்தேன். என்னத்தச் சொல்ல! கதவு ரெண்டுலயும் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியக் கட்டுக் கட்டாக் கிழிக்கிற மாதிரி ஒரு பர்ர்ர். டிக்கிக்குள்ள யாரோ டிபன் பாக்ஸை நகத்தால தட்டுற மாதிரி டிக்கு டிக்கு. நாயனம் வாத்து கத்துற மாதிரி வருது. எதிர்வீட்டு நாய் மாடியேறிருச்சு. உன் அத்தை குக்கர்தான் வெடிச்சிருச்சுன்னு கரண்டியோட ஓடி வாராள். நான் பதறிப்போய் நிறுத்துவதற்குப் பதிலாகக் கூட்டிவிட்டேன். வலது கதவில் 'டப்' என்று ஒரு சத்தம். அதன்பின் அந்தக் கதவு வாயே திறக்கவில்லை.

வைகுண்டராஜ் மெதுவாகக் காலை இறக்கினார். "கல்யாணத்துல இது நாயனமாத்தான் இருந்துச்சு சார்வாள்" என்றார். பிறகு கேட்டார்: "இது ஒங்க மருமவன் கையால வச்சதா?"

மெல்வின், நான் "ஆமா" என்றேன்.

பாகைமானி என் சட்டைப் பையில்தான் இருந்தது. இருந்தும் ஆமா என்றேன். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் கூட்டத் தெரியாமல் கூட்டினார் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பேச்சுப் போய்விடுமே என்று, அந்த ஒரு நொடியில் உன்னை மறுபடி வெட்டிவிட்டேன். அவர், "பொறவு பாப்போம். ஒரு பால்கோவாக்காரரும் கடையக் கேட்டுக்கிட்டு இருக்காவ. வார ஞாயித்துக்கெழம முடிவு சொல்லுதேன்" என்று சாப்பிடாமலே போய்விட்டார்.

திங்களன்று பஞ்சு மார்க்கெட் பக்கம் கார் செட் கடை வைத்திருக்கும் பாண்டிசெல்வியிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவள் டிக்கிக்குள் தலையை விட்டாள், எடுத்தாள், மறுபடி விட்டாள். "சார், இத யாரு திருகினது?" "நான்தாம்மா. மறுகூட்டல்." சிரித்து முடிக்க அவளுக்குச் செத்த நேரம் ஆயிற்று. "பாஸ்னா இங்க தேறுறது இல்ல சார், உள்ள விடுறது. லோ பாஸ்னா கனமான சத்தத்த மட்டும் விடும். எண்பதுங்கறது மார்க்கு இல்ல, ஹெர்ட்ஸ். அது ஒரு வரப்பு. வரப்புக்குக் கீழ உள்ளது டிக்கிக்கு, மேல உள்ளது கதவுக்கு. நீங்க சர்ச்சுல எந்த வரிசையில பாடுவீய?" "பேஸ், கடைசி வரிசை." "ஒங்கள முன்வரிசையில கீச்சுக் கொரலுக்கு ஏத்திவிட்டா அது பிரமோசனா?" உதாரணம் சொல்லியே பிழைத்தவனை உதாரணத்தாலேயே அடித்தாள்.

கெய்னும் சத்தம் கூட்டுவதற்கு இல்லையாம். "முன்னால செட்டு எம்புட்டு குடுக்குதோ அம்புட்டுக்கு இந்த ஆம்ப் காதத் தொறந்து வைக்கணும். செட்ட முக்கால்வாசியில வச்சுக்கிட்டு இதக் கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டணும். கரகரன்னு வாரதுக்குச் செத்த முன்னால நிப்பாட்டிரணும். முழுசாத் தொறந்தா இரைச்சல்தான் கேக்கும்." சுவிட்சுகளைப் பழையபடி வைத்துக் கொடுத்தாள். ஒன்று போனாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டுமாம்; கதவு ஸ்பீக்கர் இரண்டும் மதுரையிலிருந்து வெள்ளிக்கிழமை வருகிறது. "ஆனா ஒங்க மருமவன் நுணுக்கி நுணுக்கி எங்க வச்சாகங்கிறது எனக்கு எப்படித் தெரியும்? அது அவிய காது" என்றாள். நீ மூன்று மாதம் உட்கார்ந்து வைத்ததை நான் மூன்று நிமிஷத்தில் அழித்துவிட்டேன். என்னிடம் இருப்பது கெய்ன் அளவு ஒன்றுதான், அதுவும் எந்த வரிசையில் அளந்தேன் என்பது மறந்துவிட்டது.

நேற்று வைகுண்டராஜிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அவர் வீட்டு வாசல் வரை போனேன். உள்ளே யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அது இன்னும் பிரிக்காமல் மேஜை மேல் இருக்கிறது.

கடை போய்விட்டது என்றே நினைத்துக்கொள். வேலையையும் விட்டுவிட்டாய். இரண்டுக்கும் நான்தான் காரணம். கார் சாவியை நாளை பாண்டிசெல்வியிடம் கொடுத்துவிடுகிறேன்; இனி அந்த டிக்கி என் கையால் திறக்கப்படாது. வேலைக்கடிதத்தைத் திரும்பப் பெற வழி இருந்தால் பார். என்னை மன்னிக்க முடிந்தபோது மன்னி, அவசரமில்லை. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. உன் அத்தை முத்தம் சொன்னாள். அவளுக்கு இன்னமும் அது குக்கர் சத்தம்தான்.

உன் பிரியமுள்ள மாமா,
ஜெபதுரை.

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் போட்டோ எடுக்கும் முன், டிக்கியில் விட்ட ஸ்க்ரூடிரைவரை உன் அத்தை கேட்டாள். திறந்தேன் (கடைசி முறை). அது விரிப்புக்கு அடியில் உருண்டிருந்தது. விரிப்பைத் தூக்கினால் ஒரு சீட்டு. நீ புறப்பட்ட நாள் தேதி போட்டிருக்கிறது. "மாமா, இத நீங்க படிச்சா கை வச்சாச்சுன்னு அர்த்தம். பயப்படாதீங்க. பழய அளவு எல்லாம் கீழ எழுதிருக்கேன். ரெண்டு கெய்னும் முப்பத்தஞ்சு. பார்டர் பாஸ்தான், பரவால்ல, அதுலதான் நல்லா பாடும்."

சீட்டைப் பாண்டிசெல்விக்கு அனுப்பிவிட்டேன். வைகுண்டராஜுக்குப் போன் போட்டு, திருகியது நான், பொய் சொன்னதும் நான் என்றேன். அவர் முதலில் கதவு ஸ்பீக்கர் எப்போது வரும் என்று கேட்டார். பிறகு, "ஞாயித்துக்கெழம அந்தத் தவுலு பென் டிரைவ எடுத்துக்கிட்டு வாரேன். நீங்க மட்டும் வண்டிக்கு வெளிய நிக்கணும்" என்றார். நிற்பேன்.

சீட்டில் ஓர் எழுத்துப்பிழை இருக்கிறது. சிவப்புப் பேனாவைத் திறந்தேன். மூடி வைத்துவிட்டேன்.