ஐந்து நாள் காய்ச்சலுக்கு ஒரு கால அட்டவணை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணியும் என் இருமலும் சௌக்கியம். இருமலுக்குக் கொஞ்சம் கூடுதல் சௌக்கியம். உனக்கு ஃப்ளூ என்றும், நடுவில் விட்ட காய்ச்சல் நேற்றுத் திரும்பி வந்துவிட்டது என்றும், ஆனாலும் டாக்டரிடம் போக மாட்டேன் என்று நீ அடம்பிடிப்பதாகவும் உன் வீட்டுக்காரி அண்ணியிடம் சொல்லி அழுதாளாம். நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தால் நாற்பது நிமிஷம் பாடம் நடத்துவேன் என்ற பயம் நியாயமானதுதான். அதனால், வேலையாக இங்கே அடிக்கடி வந்துபோகும் உன் மாடிவீட்டு மெக்கானிக்கிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ கடைசி வரி படிக்கும்வரை நகரக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். சீக்கிரம் படி. பாவம், அவருக்கு முழங்கால் வலி.

ஓர் உதாரணம் சொல்கிறேன். உதாரணம் நான்தான். போன மாதம் எனக்கு ஃப்ளூ வந்தபோது, முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை போட்ட கை சும்மா இருக்குமா, காய்ச்சலுக்கும் ஒன்று போட்டேன். முதல் நாள் தலைவலி, இரண்டாம் நாள் உடம்பு வலி, மூன்றாம் நாள் தொண்டை, நான்காம் நாள் இருமல், ஐந்தாம் நாள் விடுதலை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அலமாரிக் கதவில் ஒட்டி, தினமும் கையெழுத்தும் போட்டேன். அறுபத்தெட்டு வயசாச்சு, சர்க்கரை வேற இருக்கு, முதல் ரெண்டு நாளுக்குள்ள போனா ஃப்ளூவுக்குன்னே மாத்திரை குடுப்பாங்களாம், போய்ட்டு வந்துடலாம்னு அண்ணி சொன்னா. அட்டவணையில அதுக்குப் பீரியட் இல்லைன்னுட்டேன். காய்ச்சலும் நல்ல மாணவன் மாதிரி ஐந்தாம் நாள் சொன்னபடி போச்சு. ஆறாம் நாள் பூங்காவை மூணு சுத்து சுத்திட்டு, பெஞ்சுல தும்மிக்கிட்டிருந்த ரிட்டயர்டு பேங்க் மேனேஜருக்கு அட்டவணையோட நகல் ஒண்ணும் குடுத்துட்டு வந்தேன். ஏழாம் நாள் காய்ச்சல் திரும்பி வந்துச்சு, குளிரோடயும் நெஞ்சு வலியோடயும். என் அட்டவணையில ஏழாம் நாளே கிடையாது. அதனால அது வரலைன்னே வச்சுக்கிட்டேன்.

எட்டாம் நாள் காலை அண்ணி குழாயைச் சரியாக மூடவில்லை. குழாயை எப்படி மூட வேண்டும் என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் நான் மூச்சே விடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். அன்று "குழாயை" என்றேன், நின்றேன், மூச்சு வாங்கினேன். "வலது பக்கமா" என்றேன், மறுபடி நின்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாப்பத்திரண்டு வருஷத்துல நீங்க ஒரு வாக்கியத்தைப் பாதியில விட்டதில்லை. செருப்பைப் போடுங்க."

டாக்டரம்மா விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார், நெஞ்சைப் படம் எடுத்தார், நுரையீரலில் தொற்று என்றார். விட்ட காய்ச்சல் திரும்பியதும் ஏன் வரவில்லை என்று கேட்டார். மடித்து வைத்திருந்த அட்டவணையை நீட்டினேன். இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை உங்க நுரையீரலுக்குக் காட்டினீங்களா, சார்?" என்றார். நாலு நாள் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தேன்.

ஆகவே தம்பி, போன காய்ச்சல் திரும்பி வந்தாலோ, பேசும்போது மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, புத்தி தடுமாறினாலோ உடனே கிளம்ப வேண்டும். கடைசியது உன் விஷயத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம். உனக்கும் சர்க்கரை இருக்கிறது. கிண்டலாக எழுதுகிறேனே தவிர, அன்று வண்டியில் போகும்போது உனக்குப் போன் செய்யத்தான் முதலில் நினைத்தேன். பேச மூச்சு இல்லை. அந்தப் பயம் உனக்கு வேண்டாம்டா.

சீக்கிரம் தேறி, என்னோடு நாற்பது நிமிஷம் சண்டை போடும் தெம்போடு நெடுநாள் நீ இருக்க ஆசீர்வதிக்கும்,
அண்ணன்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உன் வீட்டுக்காரியிடமிருந்து போன். நீ காலையிலேயே டாக்டரைப் பார்த்து, மருந்து சாப்பிட்டுத் தூங்குகிறாயாம். சந்தோஷம். அப்படியானால் படித்துவிட்டுக் கடிதத்தை மெக்கானிக்கிடமே திருப்பி அனுப்பு, எனக்குத் தேவைப்படுகிறது. ஒரு வாரம் கழித்து வந்து காட்டச் சொன்ன டாக்டரம்மாவிடம் நான் இன்னும் போகவில்லை. மிச்சமிருக்கும் இருமலுக்கு நான் போட்ட மூன்று வார அட்டவணை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருப்பதை அண்ணி இப்போதுதான் பார்த்தாள். என் செருப்பு வாசலில் எடுத்து வைத்தாயிற்று.