பின்பக்கத்து இடத்துக்கு ஒரு பார் லைசென்ஸ்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிறவன் இல்லை. பத்தாவது வரைதான் படிப்பு. இதுவரை எழுதியதெல்லாம் லீவு லெட்டர்களும் ஒரே ஒரு உறுதிமொழிக் கடிதமும்தான். அந்தக் கடிதத்தால் நான் பட்டதை உறவுக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லி வருவதால், பட்டவனே ஒருமுறை சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அம்பத்தூர்ப் பக்கம் ஒரு ஹோட்டலில் எனக்கு வேலை. மாடியில் ரூம்கள், கீழே ஏசி பார். பாரில் நான் சூப்பர்வைசர். (குடிப்பதில்லை. அந்த வாசனைக்கே எனக்குத் தலைவலி வரும். பத்தொன்பது வருஷமாக வருகிறது.) ஹோட்டலுக்குப் பின்னால் இரண்டு வேப்பமரங்களோடு ஒரு இடம் சும்மா கிடந்தது. அங்கே மேசை போட்டால் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் காற்றாட உட்காருவார்கள் என்று முதலாளிக்குத் தோன்றியது. ஆனால் லைசென்ஸ் வரைபடத்தில் இருக்கும் நான்கு சுவருக்குள்தான் செல்லும். வெளியே ஒரு கிளாஸ் வைத்தாலும் குற்றம். புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

"ஏகாம்பரம், நீயே அலைஞ்சு வாங்கிட்டு வா" என்றார் முதலாளி. "கெடைச்சுதுன்னா வெளியிடத்துக்கு நீதான் மேனேஜர். சேர் போட்டு உக்காந்து பாத்துக்கலாம். கெடைக்கலன்னா கார் நிறுத்த உட்டுடுவேன்."

எனக்கு நாற்பத்தொன்பது வயது. நின்று நின்று இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தன. மேனேஜர் என்ற சொல்லைவிட சேர் என்ற சொல்தான் என் காதில் இனித்தது. அன்றே வீட்டில் சொல்லிவிட்டேன். மறுநாள் காலைக்குள் என் மனைவி, மாங்காட்டில் இருக்கும் தன் அண்ணன் வரைக்கும் "அவரு மேனேஜராயிட்டாரு" என்று செய்தியை முடித்து அனுப்பியிருந்தாள்.

லைசென்ஸ் கொடுக்கும் கலால் அலுவலகத்தில் முதல் நாளே என் கூச்சம் முன்னால் போய் நின்றது. எனக்குப் பின்னால் வரிசையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

"என்ன விஷயம்?" என்றார் கிளார்க்.

"ஒரு இடம் சம்பந்தமா..."

"என்ன இடம்?"

"மரமெல்லாம் இருக்கும் சார். காத்தோட்டமா..."

"வாயைத் தொறந்து சொல்லுங்க."

"பார்" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

"பாரா? ஏன் சார், பொண்ணு கேக்க வந்த மாதிரி இழுக்கறீங்க?" என்றார் அவர். வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது.

வரைபடம், தீயணைப்புச் சான்று, போலீஸ் ஸ்டேஷன் கடிதம் என்று ஒவ்வொன்றுக்கும் அலைந்தேன். கடைசியாக, குறிப்பிட்ட தூரத்துக்குள் கோயிலோ பள்ளிக்கூடமோ இல்லை என்று ஒரு உறுதிமொழி கேட்டார்கள். நானே நடந்து அளந்து, நானே எழுதி, ஹோட்டல் சார்பில் நானே கையெழுத்தும் போட்டேன். அன்றைக்கு அது சத்தியமான உண்மை.

பிறகு காத்திருப்பு. பார்வையிட எந்த நாளிலும் ஆள் வரலாம் என்றார்கள். எனக்கோ பின்பக்கத்துச் சுவரை நினைத்துக் கவலை. அந்தச் சுவருக்கு வெளியே சந்து. ஷேர் ஆட்டோக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் ஒதுங்குவார்கள். 'இங்கே சிறுநீர் கழிக்காதே' என்று எழுதி வைத்தேன். அதற்குமுன் இடம் தெரியாமல் இருந்தவர்களுக்கும் அது வழிகாட்டியது. கடைசியில் ஊரில் எல்லோரும் செய்வதைச் செய்தேன். சாமி படம் போட்ட டைல்ஸ் மூன்று வாங்கிப் பதித்தேன். பிள்ளையார், முருகன், நடுவில் அம்மன்.

இரண்டே நாளில் நாற்றம் நின்றது. என் வாழ்க்கையில் நான் யோசித்தபடியே நடந்த முதல் காரியம் அது. அந்தக் கர்வத்தில்தான் கண் மறைந்துவிட்டது.

பூ விற்கும் தனம்மா முதலில் ஒரு முழம் பூ சாத்தினார். அப்புறம் விளக்கு வந்தது. ஆட்டோக்காரர்கள் வெயில் படாமல் தகரம் போட்டார்கள். நானும் தினமும் வேலைக்குப் போகுமுன் அங்கே நின்று, "தாயே, அந்த பார் லைசென்ஸ் சீக்கிரம் வரணும்" என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதலோடு ஒரு வெண்கல மணியும் வாங்கிக் கட்டினேன்.

ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அதிகாரி வந்தார். கையில் ஃபைல், கூட டேப் பிடிக்க ஒரு உதவியாளர். வேப்பமரம், வழி, விளக்கு எல்லாம் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அப்பால் பம்பைச் சத்தம் கேட்டது.

"அங்க என்ன?"

"அது... டைல்ஸ் சார்" என்றேன்.

சுற்றிக்கொண்டு சந்துக்குப் போனோம். இருபது முப்பது பேர். அண்டாவில் கூழ். அதிகாரி செருப்பைக் கழற்றினார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

தனம்மா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "இவருதான் சார் சாமிய வெச்சவரு" என்றார். "டெய்லி வந்து கையெடுத்துக்கினு நிப்பாரு. இன்னா பக்தின்ற. ஆட்டோக்காரனுங்கள்லாம் இவரப் பாத்துதான் திருந்துனானுங்க. இதோ கீதே மணி, அதுகூட இவரு குடுத்ததுதான்."

அதிகாரி மணியைப் பார்த்தார். அதில், 'உபயம்: க. ஏகாம்பரம், கோவில்பதாகை' என்று பொறித்திருந்தது. (பாத்திரக் கடையில் பெயரும் ஊரும் இலவசமாகவே வெட்டிக் கொடுத்தார்கள்.) பிறகு ஃபைலைத் திறந்து என் உறுதிமொழிக் கடிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"க. ஏகாம்பரம் நீங்கதானே?"

"ஆமாம் சார். கடிதம் எழுதறப்போ இது இல்ல சார்."

"சரி. இப்ப இருக்கே." உதவியாளரிடம் திரும்பி, "டேப்ப உள்ள வைப்பா" என்றார். "உள்ள இருக்கற பாருக்கு ஒன்னும் பிரச்சினை இல்ல, அது மொதல்லேருந்தே இருக்கு. வெளியிடத்துக்குக் குடுக்க முடியாது." கோபமே இல்லாமல் சொன்னார். கூழ் வாங்கிக் குடித்து, வெங்காயமும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

முதலாளி அந்த டைல்ஸை எடுக்கச் சொல்லி மூன்று கொத்தனார்களைக் கேட்டுப் பார்த்தார். மூன்று பேரும் சுவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டில் இன்றைக்கும் யார் கல்யாணம் என்றாலும் மாங்காட்டு மச்சான் என்னைப் புது ஆட்களுக்கு அறிமுகப்படுத்துவது ஒரே மாதிரிதான்: "இவர்தான் நம்ம தர்மகர்த்தா. சாராயம் விக்க அம்மன்கிட்டயே பர்மிஷன் கேட்டவரு." என் மனைவிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள்.

மூன்றாவது கொத்தனாரும் போன மறுநாள் முதலாளி, பின்பக்கம் கார் நிறுத்தக் கோடு போடச் சொன்னார். சுண்ணாம்பு வாங்கி வந்து, கோடு போடும் ஆள் வரும்வரை வழக்கம்போல நின்றுகொண்டிருந்தேன்.